மலையும் அடிவாரமும் ஒரே கணக்கு

(பழனியில் நிகழ்த்திய சொற்பொழிவின் அச்சு வடிவம்)



99.6 என்ற ஓர் எண்ணிலிருந்து தொடங்குகிறேன். 2019-21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் நூற்றுக்கு 99.6 பிரசவங்கள் மருத்துவமனையிலோ சுகாதார நிலையத்திலோ நடக்கின்றன. இது சும்மா கிடைத்த எண் அல்ல. கிராமச் செவிலியர்கள் வெயிலிலும் மழையிலும் வீடு வீடாக நடந்து சேர்த்த எண். ஆரம்ப சுகாதார நிலையங்களும், டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரிலான மகப்பேறு உதவித் திட்டமும், 108 வண்டியும் சேர்ந்து கட்டிய எண். இதைக் குறைத்துப் பேச எனக்கு வாய் வராது.

ஆனாலும் இந்த எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு, இங்கிருந்து தெரிகிற மலையின் மறுபக்கம் போய்ப் பார்க்க வேண்டும். பெரியகுளத்திலிருந்து கொடைக்கானலுக்கு ஏறும் பழைய நடைபாதையில் வெள்ளகவி என்று ஓர் ஊர். பல தலைமுறைகளாக வாகனச் சாலை இல்லாமலே வாழ்ந்த ஊர் அது. உடம்புக்கு முடியவில்லை என்றால் டோலி கட்டித் தூக்க வேண்டும். வலி எடுத்த ஒரு பெண்ணை நான்கு பேர் தோளில் சுமந்து, செங்குத்துப் பாதையில் மணிக்கணக்காக நடந்து, எப்படியோ மருத்துவமனை வாசலில் சேர்த்துவிட்டார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளை நலமாகப் பிறக்கிறது. அந்தப் பெண்ணும் 99.6இல் சேர்ந்துவிடுகிறாள். அவளுடைய பிரசவமும், மருத்துவமனைக்குப் பக்கத்துத் தெருவில் இருக்கிற பெண்ணின் பிரசவமும் அந்தப் பட்டியலில் ஒன்றுதான். வழியில் அவள் பட்ட பயத்துக்கும், அன்றைய கூலியை விட்டுத் தோள் கொடுத்தவர்களின் நேரத்துக்கும் அங்கே இடமில்லை. ஆகவே விடுபட்ட 0.4 பேர் யார் என்று கேட்பது மட்டும் போதாது. கணக்கில் சேர்ந்தவர்களின் வாழ்க்கையிலும் எவ்வளவு விடுபட்டிருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

'நீடித்த வளர்ச்சியில் மனித நலத்தை அளப்பது' என்ற தலைப்பை எனக்குக் கொடுத்தார்கள். பெரிய தலைப்பு. உலகம் இதில் கடந்து வந்த பாதையைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு நம் மலைக்கு வந்துவிடுகிறேன்.

ஒரு நாட்டின் வருமானத்தைக் கூட்டிச் சொல்லும் முறையை 1934இல் அமெரிக்க செனட் சபைக்கு வகுத்துக் கொடுத்தவர் சைமன் குஸ்நெட்ஸ். இதை வைத்து மக்கள் நலத்தை முடிவு செய்துவிடாதீர்கள் என்று அந்த அறிக்கையிலேயே அவர் எச்சரித்தார். உலகம் எண்ணை எடுத்துக்கொண்டது, எச்சரிக்கையை விட்டுவிட்டது. 1990இல் பாகிஸ்தான் பொருளியலாளர் மஹ்பூப் உல் ஹக், அமர்த்தியா சென்னின் துணையோடு மனித மேம்பாட்டுக் குறியீட்டைக் கொண்டுவந்தார். ஆயுள், கல்வி, வருமானம் என்று மூன்று. இத்தனை பெரிய வாழ்க்கையை ஒற்றை எண்ணில் அடைப்பதா என்று சென் முதலில் தயங்கியிருக்கிறார். உற்பத்திக் கணக்கைப் போலவே ஒற்றை எண் இருந்தால்தான் அதோடு மோத முடியும், ஆனால் அது மனிதரைக் காணத் தெரிந்த எண்ணாக இருக்கட்டும் என்பது ஹக்கின் வாதம். நான் ஹக் பக்கம். ஓர் எண் இல்லாவிட்டால் நிதியமைச்சர்கள் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள்.

இதற்குச் சற்று முன்பு, 1987இல், ஐ.நா. அமைத்த ப்ருண்ட்லாண்ட் ஆணையம் வருங்காலத் தலைமுறையின் பங்கைப் பற்றிச் சொன்னது, 2015இல் நீடித்த வளர்ச்சிக்கான 17 இலக்குகளாகவும் 169 உட்குறிக்கோள்களாகவும் விரிந்தது. யாரையும் விட்டுவிட மாட்டோம் என்பது அந்த இலக்குகளின் வாக்குறுதி. 2020இல் ஐ.நா. வளர்ச்சித் திட்டம் பழைய மேம்பாட்டுக் குறியீட்டிலிருந்து, ஒரு நாடு பூமிக்குக் கொடுக்கும் சுமையைக் கழித்துப் பார்த்தது. தலைக்கு எவ்வளவு கரிவளி, எவ்வளவு மூலப்பொருள் என்று இரண்டைக் கழித்ததுமே, முதலிடத்தில் இருந்த நார்வே 15 இடம் கீழே போனது. நல்ல முயற்சிதான். ஆனால் அந்தக் கழித்தலும் நாடு என்ற அளவில் நின்றுவிடுகிறது. ஒரு நாட்டுக்குள்ளேயே, ஒரு மாவட்டத்துக்குள்ளேயே, ஒருவருடைய நலத்துக்கு இன்னொருவர் விலை கொடுக்கிறாரே, அது அதில் தெரியாது.

நான் இன்று சொல்ல வந்தது இதுதான்: நலத்தை மாவட்டவாரியாக அளக்கிறோம். அதை நீர் ஓடும் வழியே அளக்க வேண்டும். மலையையும் அடிவாரத்தையும் ஒரே கணக்கில் வைக்க வேண்டும்.

திண்டுக்கல் மாவட்டம் 1985இல் மதுரையிலிருந்து பிரிந்தது. ஒட்டன்சத்திரம் காய்கறிச் சந்தை இதில் இருக்கிறது. பழனிக் கோயில் இருக்கிறது. கொடைக்கானல் விடுதிகள் இருக்கின்றன. கவுஞ்சியும் பூண்டியும் கிளாவரையும் இருக்கின்றன. இவை எல்லாவற்றையும் கூட்டி வகுத்துக் கிடைக்கிற சராசரி இவற்றில் எந்த ஊருக்கும் பொருந்தாது. குடும்பநலக் கணக்கெடுப்பு மாவட்டம் வரை எண் தருகிறது, அதற்குக் கீழே இறங்குவதில்லை. மேல்மலை, கீழ்மலை என்று நாம் பேச்சில் பிரித்துச் சொல்வதுகூட அந்த அறிக்கையில் கிடையாது.

தண்ணீர் மாவட்ட எல்லை பார்த்து ஓடுவதில்லை. மலையின் வடசரிவில் இறங்கும் ஓடைகள் பாலாறு-பொருந்தலாறு, வரதமாநதி, குதிரையாறு அணைகளுக்கு வருகின்றன. இவற்றில் பல சண்முகநதியாகி, அமராவதியில் கலந்து, காவிரிக்குப் போகின்றன. தென்சரிவில் இறங்குவது தேனி மாவட்டம் வழியாக வைகைக்குப் போகிறது. காவிரிப் படுகைக்கும் வைகைப் படுகைக்கும் இந்த ஒரே மலை தண்ணீர் கொடுக்கிறது. அப்படியானால் இந்த மலையின் நலம் என்பது மலைமேல் வாழ்கிறவர்களின் நலம் மட்டுமா?

மலைமேல் என்ன நடந்தது என்று பார்ப்போம். பழனி மலையின் உச்சிப் பகுதிகள் புல்வெளியும் சோலையும் மாறி மாறி அமைந்தவை. மேட்டில் புல், மடிப்பில் சோலை. மழையை வாங்கித் தேக்கி, மழை நின்ற பிறகும் மெல்ல மெல்லக் கசியவிடுவது இவை இரண்டின் கூட்டு வேலை. வெள்ளைக்காரர் காலத்திலும் விடுதலைக்குப் பிறகும் புல்வெளியை வெற்று நிலம் என்றே அதிகாரிகள் எழுதினார்கள். வெற்று நிலத்தை நிரப்ப வாட்டில், யூகலிப்டஸ், பைன் என்ற அந்நிய மரங்கள் வந்தன. வாட்டில் பட்டை தோல் பதனிடப் போனது. மரம் கூழாகி ஆலைக்குப் போனது. அன்றைக்கு அது வேலை கொடுத்த திட்டம், வருமானம் தந்த திட்டம். 2018இல் வெளியான ஓர் ஆய்வு, செயற்கைக்கோள் படங்களை வைத்துக் கணக்கிட்டு, 40 ஆண்டுகளில் பழனி மலைப் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது என்று காட்டியது. பெரும்பகுதி அந்நிய மரத்தோட்டமாகவும் விவசாய நிலமாகவும் மாறியிருந்தது.

இந்த இழப்பு நம் அறிக்கைகளில் எப்படித் தெரிகிறது? இழப்பாகவே தெரியவில்லை. இந்திய வன அளவாய்வு நிறுவனத்தின் வரையறைப்படி, ஒரு ஹெக்டேருக்குக் குறையாத நிலத்தில் மரக்கிளைகளின் நிழல் பத்தில் ஒரு பங்கு விழுந்தால் அது வனப்பரப்பு. என்ன மரம் என்ற கேள்வி இல்லை. ஆக, புல்வெளியாக இருந்தவரை கணக்கில் வராத நிலம், வாட்டில் முளைத்து மூடியதும் வனமாகிவிடுகிறது. நீடித்த வளர்ச்சியின் 15ஆம் இலக்கில் முதல் குறியீடே நிலப்பரப்பில் காட்டின் விகிதம்தான். மலை தன் பழைய உடம்பை இழக்க இழக்க, நம் மதிப்பெண் ஏறியிருக்கிறது.

தண்ணீருக்கு என்ன ஆனது? எனக்குத் தெரிந்தவரை இங்கே யாரும் நீண்டகாலம் அளக்கவில்லை. பக்கத்து நீலகிரியில் அளந்தார்கள். கிளென்மார்கனில் ஒரேபோன்ற இரண்டு நீர்ப்பிடிப்புகளை எடுத்து, ஒன்றை இயற்கையாக விட்டு, மற்றதில் ஒரு பகுதியில் யூகலிப்டஸ் வைத்தார்கள். முதல் பத்தாண்டுச் சுற்றிலேயே மரம் வைத்த பக்கத்திலிருந்து இறங்கிய நீர் 16 விழுக்காடு குறைந்தது. விதைநெல்லை விற்றுவிட்டு, அந்தக் காசை வரவில் எழுதி, இந்த ஆண்டு நமக்கு நல்ல வருமானம் என்று சொல்கிற வீடு எத்தனை நாள் தாங்கும்? அந்த மரத்தோட்டங்களின் வரவு மலையில் எழுதப்பட்டது. செலவை எழுத வேண்டிய ஏடு அடிவாரத்தில், சண்முகநதிப் பாசனக்காரர் வீட்டில் இருந்தது. இரண்டு ஏட்டையும் யாரும் ஒன்றாக விரித்துப் பார்க்கவில்லை.

இதில் இன்னொரு பக்கமும் உண்டு, அதையும் சொல்ல வேண்டும். வாட்டில் விறகை நம்பி அடுப்பெரித்த ஏழை வீடுகள் மலையில் ஏராளம். அந்நிய மரத்தை வெட்டு என்று கீழிருந்து சொல்வது சுலபம். வட்டக்கானல் போன்ற இடங்களில் சோலை மரக்கன்றுகளை வளர்த்து, பொறுமையாகக் காட்டை மீட்கிற வேலையைத் தனியார் அறக்கட்டளைகளே செய்து காட்டியிருக்கின்றன. அந்த வேலையில் விறகு பொறுக்கும் பெண்ணுக்கு மாற்று என்ன என்பதும் கணக்கில் வந்தால்தான் நலம் முழுமையாகும்.

அடுத்ததாக, பேசக் கனமான ஒன்று. பாதரசம்.

1980களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்து வாட்டர்டவுன் நகரில் மூடப்பட்ட வெப்பமானி ஆலை கொடைக்கானலுக்கு வந்தது. பிறகு அது இந்துஸ்தான் லீவர் நிறுவனத்தின் ஆலையாயிற்று. மலையில் இளைஞர்களுக்கு மாதச் சம்பளம் கிடைக்கும் வேலை அரிது. அதனால் ஆசையோடு சேர்ந்தார்கள். வருமானத்தை வைத்து அளந்தால் அந்த ஆண்டுகளில் அந்தக் குடும்பங்கள் உயர்ந்தன. ஏற்றுமதிக் கணக்கும் உயர்ந்தது. 2001 மார்ச்சில் மூஞ்சிக்கல்லில் ஒரு பழைய பொருள் கடையில், பாதரசம் ஒட்டிய உடைந்த கண்ணாடி டன் கணக்கில் கிடப்பதை ஊர்மக்களும் பழனி மலைப் பாதுகாப்புக் குழுவினரும் கிரீன்பீஸ் அமைப்பினரும் வெளிக்கொண்டுவந்தார்கள். ஆலை மூடப்பட்டது. 2003இல் சுமார் 290 டன் கழிவு கப்பலேறி அமெரிக்காவுக்குத் திரும்பிப் போனது. 2006இல் முன்னாள் தொழிலாளர்கள் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். பத்தாண்டு கழித்து, 2016 மார்ச்சில், 591 முன்னாள் தொழிலாளர்கள் மற்றும் அவர்கள் குடும்பத்தாரோடு நிறுவனம் உடன்பாடு செய்துகொண்டது. ஆலையால் தொழிலாளர் உடல்நலம் கெட்டதாக ஆய்வுகளில் தெரியவில்லை என்பது நிறுவனத்தின் நிலை. சிறுநீரகக் கோளாறு, நடுக்கம், கருச்சிதைவு, சிறுவயதிலேயே சாவு என்று தொழிலாளர்கள் சொன்னார்கள்.

இந்த இரண்டு பேச்சுக்கும் நடுவில் நிற்பது அளவுதான். ஒரு நோய் வேலையால் வந்ததா, வேறெதனால் வந்ததா என்று வழக்காட வேண்டுமானால், வேலைக்குச் சேருமுன் அந்த உடம்பு எப்படி இருந்தது, ஆண்டுதோறும் எப்படி மாறியது என்று பதிவு வேண்டும். அந்தப் பதிவு தொழிலாளியின் கையில் இருக்க வேண்டும். சம்பளச் சீட்டு கையில் இருந்தது, உடம்பின் கணக்கு கையில் இல்லை. இதைத்தான் நான் நலத்தின் அளவு என்கிறேன். உலக அறிக்கைகளின் குறியீட்டை விட இது முக்கியம். வள்ளுவர் நாட்டுக்கு அணி என்று ஐந்தை அடுக்கும்போது நோயில்லாமையை முதலில் வைத்து, செல்வத்தை அதன் பிறகே வைக்கிறார். நம் ஏடுகளில் வரிசை மாறிவிட்டது.

ஆலை நின்ற மண்ணின் கதை இன்னும் நீளமானது. அந்த இடம் பாம்பார் சோலையின் விளிம்பு. அங்கிருந்து நீர் கும்பக்கரை அருவி வழியாகக் கீழே இறங்குகிறது. மண்ணைச் சுத்தம் செய்யும்போது ஒரு கிலோ மண்ணில் 20 மில்லிகிராம் பாதரசம் வரை இருக்கலாம் என்று வரம்பு வைத்தார்கள். குடியிருப்பு மண்ணுக்கு அது போதும் என்பது ஒரு வாதம். இது வெறும் குடியிருப்பு அல்ல, சோலை, நீர்ப்பிடிப்பு, கீழே மீன் பிடிக்கிற குளங்கள் உண்டு, இன்னும் கடுமையான வரம்பு வேண்டும் என்பது சூழலியலாளர்களின் எதிர்வாதம். 20 என்ற எண் அறிவியலிலிருந்து தானாக விழுந்துவிடவில்லை என்பதைக் கவனியுங்கள். யாருடைய நலத்தை மனதில் வைத்து வரம்பைப் போடுகிறோம் என்ற முடிவு அதற்குள் ஒளிந்திருக்கிறது. அந்த முடிவை எடுத்த மேசையில் கும்பக்கரைக்குக் கீழே இருக்கிறவர்களுக்கு நாற்காலி போடப்பட்டிருக்க வேண்டும்.

இப்போதைய நிலைக்கு வருகிறேன். 2011 கணக்குப்படி கொடைக்கானல் நகராட்சியில் சுமார் 36,000 பேர். கோடை விடுமுறையில் அந்த ஊர் தாங்குகிற கூட்டம் உங்களுக்கே தெரியும். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் 2024 மே 7 முதல் இ-பாஸ் வந்தது. 2025 ஏப்ரல் முதல் ஜூன் வரை ஒரு நாளைக்கு 4,000 வண்டி, வார இறுதியில் 6,000 வண்டி என்று வரம்பும் போட்டார்கள். வரவேற்க வேண்டிய தொடக்கம். மலைக்கு ஒரு தாங்குதிறன் உண்டு என்று நீதிமன்றம் ஒப்புக்கொண்டிருக்கிறது. ஆனால் எண்ணுவது வண்டியை. கோடையில் விடுதிக்கு லாரியில் தண்ணீர் போகும்போது, குடத்தோடு காத்திருக்கும் தெருக்களையும் எண்ண வேண்டும். குப்பை எந்தச் சரிவில் கொட்டப்படுகிறது, அதற்குக் கீழே எந்த ஊரின் ஓடை என்று எழுத வேண்டும்.

மேல்மலையில் விளையும் கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. நமக்குப் பெருமை. அந்தப் பூண்டு பெரியகுளம் பக்கத்து வடுகபட்டிச் சந்தைக்கு இறங்கி, அங்கே விலை பேசப்படுகிறது. கீழ்மலையின் விருப்பாட்சி வாழைக்கு 2008இல் கிடைத்தது. பழனிப் பஞ்சாமிர்தத்துக்கு 2019இல் கிடைத்தது. மலைவாழை இல்லாமல் நம் ஊர்ப் பஞ்சாமிர்தத்துக்கு அந்த மணம் வராது. கோயில் பிரசாதக் கடையின் வரவு ரூபாய் பைசாவரை கணக்கில் இருக்கிறது. முடிக்கொத்து நோயில் வாழையை இழந்து, காப்பித் தோட்டத்து நிழலில் மீண்டும் கன்று வைத்துப் பார்க்கிற தாண்டிக்குடி, பண்ணைக்காடு விவசாயியின் இழப்பு எந்த நெடுவரிசையில் இருக்கிறது? ஒரே வாழைப்பழம் மேலே நஷ்டமாகவும் கீழே லாபமாகவும் இரண்டு ஏட்டில் கிடக்கிறது.

பளியர்களைப் பற்றிச் சொல்லாமல் இந்த மலையைப் பேசக்கூடாது. தேனும் கிழங்கும் எடுத்து, காட்டை அறிந்து வாழ்ந்த மக்கள். 1960களில் அவர்களோடு தங்கி ஆராய்ந்த அமெரிக்க மானிடவியலாளர் பீட்டர் கார்ட்னர், ஒருவர் மேல் ஒருவர் அதிகாரம் செலுத்தாமல், சண்டை மூளும் இடத்திலிருந்து விலகிப் போய், தன்மானத்தோடு வாழ்வதை அவர்கள் எவ்வளவு உயர்வாக வைத்திருக்கிறார்கள் என்று எழுதினார். இவர்கள் வீட்டில் ஆயுள், பள்ளி, வருமானம் மூன்றையும் அளந்தால் கடைசி இடம் கிடைக்கும். அந்த அளவு பொய்யல்ல. மருத்துவமும் பள்ளியும் அவர்களுக்குக் கட்டாயம் சேர வேண்டும். ஆனால் தோட்டத்தில் கொத்தடிமையாகக் கட்டுண்டு கிடக்கும் குடும்பத்துக்குக் கொஞ்சம் கூலி ஏறினால் குறியீடு உயர்கிறது. யாருக்கும் கைகட்டி நிற்காமல் காட்டுக்குள் போய்வரும் உரிமை பறிபோனால் குறியீடு அசையாது. 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டப்படி எத்தனை பளியர் குடும்பங்களுக்குப் பட்டா கையில் கிடைத்தது, எத்தனை ஊருக்குச் சமூக உரிமை கிடைத்தது என்பதை நான் நலத்தின் அளவாக எடுத்துக்கொள்வேன். வளர்ச்சியின் அளவு என்று அமர்த்தியா சென் சொன்ன சுதந்திரம் இந்த மலையில் அந்தக் காகிதத்தின் வடிவில்தான் வரும்.

சரி, இதையெல்லாம் யார் அளப்பது? ஜே.சி. குமரப்பாவை இந்த இடத்தில் நினைக்க வேண்டும். 1892இல் தஞ்சாவூரில் பிறந்தவர். லண்டனில் படித்த தணிக்கையாளர், கணக்கே தொழிலாகக் கொண்டவர். காந்தியைச் சந்தித்த பிறகு, 1929-30இல் குஜராத் வித்யாபீட மாணவர்களை அழைத்துக்கொண்டு கேடா மாவட்டத்தின் மாதர் தாலுகாவுக்குப் போனார். ஐம்பதுக்கும் மேற்பட்ட கிராமங்களில் வீட்டுக்கு வீடு வரவு செலவு, கடன், நிலம், உணவு என்று கேட்டு எழுதினார்கள். அந்த எண்களை வைத்து, இந்தத் தாலுகா கட்டும் நிலவரி அதன் சக்திக்கு மீறியது என்று காட்டினார். நிலைத்த பொருளாதாரம் என்ற கருத்தை அவர் பிற்காலத்தில் எழுதினார். ஊறும் ஊற்றிலிருந்து எடுத்து வாழ்வது ஒன்று, தேங்கிக் கிடப்பதைத் தீர்த்து வாழ்வது வேறு என்று பிரித்தார். ப்ருண்ட்லாண்ட் அறிக்கைக்கு நாற்பது ஆண்டு முன்னால். கடைசிக் காலத்தை மதுரை பக்கம் டி.கல்லுப்பட்டியில் கழித்தார். அவருக்கு உலகக் குறியீடு தேவைப்படவில்லை. ஒரு தாலுகா, கொஞ்சம் மாணவர்கள், நேர்மையான கேள்வித்தாள், இவை போதுமாக இருந்தன.

நாம் செய்ய வேண்டியதும் அதுவே, ஒரே மாற்றத்தோடு. தாலுகாவுக்குப் பதில் நீர்ப்பிடிப்பு. சண்முகநதிக்கு நீர் தரும் மலையூர்களையும் அதன் நீரில் விளையும் அடிவார ஊர்களையும் ஒரே கணக்காக எடுத்துக்கொள்வோம். கேட்க வேண்டியவை நிறைய இல்லை. மருத்துவரை அடைய எவ்வளவு நேரம். கோடையில் தண்ணீருக்கு எத்தனை மணி. ஓடை எந்த மாதத்தில் வற்றுகிறது, உங்கள் தாத்தா காலத்தில் எந்த மாதத்தில் வற்றியது. வீட்டில் யார் என்ன வேலையால் நோயுற்றார். நிலத்துக்கும் காட்டுக்கும் உங்கள் பெயரில் என்ன காகிதம் இருக்கிறது. இந்த ஆண்டு வந்த வருமானத்தில் எதை விற்று வந்தது, எதை விளைவித்து வந்தது. மேலே கேட்ட பதிலையும் கீழே கேட்ட பதிலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுதுவோம்.

எழுதியதை ஆய்வேடாக்கி அலமாரியில் வைக்கக் கூடாது. 2022 முதல் தமிழ்நாட்டில் கிராமசபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. அதில் ஒன்று மார்ச் 22, உலகத் தண்ணீர் நாள். அன்று மலையூரின் கணக்கு அடிவாரக் கிராமசபையிலும், அடிவாரத்தின் கணக்கு மலையூர் கிராமசபையிலும் வாசிக்கப்பட வேண்டும். தவறு இருந்தால் ஊரார் எழுந்து திருத்துவார்கள். திருத்திய பிறகு தீர்மானமாகப் போடலாம்.

பாலாறு-பொருந்தலாறு அணைக்கு மேலும் கீழும் உள்ள ஊர்களில் முதலில் தொடங்கலாம் என்று நினைக்கிறேன். வர விரும்பும் மாணவர்கள் கூட்டம் முடிந்ததும் பெயரும் ஊரும் எழுதிக் கொடுங்கள். மேல்மலை, கீழ்மலைப் பிள்ளைகள் முதலில் வாருங்கள். நான் சொன்ன கேள்விகளில் எது உங்கள் ஊருக்குப் பொருந்தாது என்று நீங்கள்தான் அடித்துத் திருத்த வேண்டும்.